மாப்பிள்ளை முறுக்கு

வான்கோழி என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ் வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வருகிறார். மூதுரையை ஒப்பிக்கச் சொல்லுவார். மயில் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தானும் சிறகை விரித்துக்கொண்டு புறப்பட்ட அந்த அசட்டுப் பறவையின் பாட்டு வந்ததும், யார் தப்பாகச் சொன்னார்களோ அவர்கள் பக்கம் பிரம்பை நீட்டி, "இதோ நிற்கிறதே, இதுதான் அது!" என்பார். அந்த வகுப்பில் நான் எத்தனை முறை வான்கோழியாக நின்றேன் என்பது வேறு விஷயம்.

அப்படிக் கெட்ட பெயர் வாங்கிக் கட்டிக்கொண்ட பறவைக்கு இந்த வாரம் நான் வக்காலத்து வாங்கப் போகிறேன், சகோதரிகளே! காரணம் இருக்கிறது. அதை அதன் பிறந்த வீட்டிலேயே, அமெரிக்க மலைக்காட்டிலேயே, பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் எப்படி? வேட்டைக்குப் போய்!

"நீயா? வேட்டையா?" என்று நீங்கள் மோவாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள் நான். சாப்பாடோ சுத்த சைவம். ஆனாலும் போனேன். எப்படிப் போனேன் என்பதைக் கேளுங்கள்.

2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் இருப்பது வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்ற ஊரில். கிழக்கே பார்த்தால் நீலநிறத்தில் ஒரு மலைத்தொடர்; அதற்குப் பெயரே 'புளூ ரிட்ஜ்'. மேற்கே பார்த்தால் ஷெனன்டோவா மலை. நடுவே பச்சைப் பசேலென்று பள்ளத்தாக்கு. குளிர்காலம் முழுதும் மொட்டையாக நின்ற மரங்களெல்லாம் அப்போதுதான் துளிர்விட்டுக்கொண்டிருந்தன. டாக்வுட் என்று ஒரு மரம், உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. ரெட்பட் என்று இன்னொன்று, இலை வருவதற்கு முன்பே கிளையெல்லாம் ரோஜா நிறம். வசந்தம் என்று கதைகளில் படித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அக்காவின் பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள். வயது 74. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவருமாக நின்று பேசிக்கொண்டிருப்போம். ஒருநாள் சர்வசாதாரணமாக, "வியாழக்கிழமை வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். வருகிறாயா, குழந்தே? உனக்குத் துப்பாக்கி கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

சும்மா உட்கார்ந்திருப்பதா! அதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உண்டா? சரி என்றுவிட்டேன்.

முதல் நாள் மாலை காப்பிக்குக் கூப்பிட்டு எனக்குச் சட்டதிட்டங்கள் சொன்னார். என் வளையல்களைப் பார்த்தார். "இது வேண்டாம்" என்றார். நியாயம்தான், சத்தம் போடும். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, "கோபித்துக்கொள்ளாதே, இந்தச் சிவப்பும் வேண்டாம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. பொட்டுக்கும் வான்கோழிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது! ஆண் வான்கோழியின் தலையும் கழுத்தும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் இருக்கும். புதருக்குள் அந்த நிறங்களில் எது அசைந்தாலும், வேறோர் அவசரக்காரன் அதை வான்கோழித் தலை என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடும். ஆகையால் வசந்தகால வேட்டைக்குப் போகிறவர்கள் கைக்குட்டையில்கூட அந்த நிறங்களை வைத்துக்கொள்ள மாட்டார்களாம். அன்று ராத்திரி அக்கா தன் பெட்டியைக் குடைந்து ஒரு கறுப்புச் சாந்துப் பொட்டு எடுத்துக் கொடுத்தாள். "ஏண்டி, உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஓர் ஆசீர்வாதமும் செய்தாள்.

அந்த அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். நம் வீட்டுக் குங்குமச் செப்பைவிட நீளம். மேலே ஒரு துடுப்புப் போன்ற மூடி, ஒரு முனையில் மட்டும் திருகாணியால் பிணைத்தது. மூடியின் அடியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் விளிம்பில் இழுத்தார். 'க்யோக்... க்யோக்... க்யோக்...' எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம். "இதுதான் பெட்டை வான்கோழியின் குரல்" என்றார். இந்த மாதிரிப் பெட்டிக்கு 1897-லேயே ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டாராம். இவர் கையிலிருந்ததோ கணவர் செய்தது. அவர் விரல் பட்டுப் பட்டு மூடி வழவழவென்று ஆகியிருந்தது.

"நாற்பது வருஷம் அவர் போனார், நான் ரொட்டி கட்டிக் கொடுத்தேன். அவர் போனபிறகு இந்தப் பெட்டி இழுப்பறையில் கிடந்தது. மனசு கேட்கவில்லை. 72 வயதில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் எல்லாம் பன்னிரண்டு வயதுப் பையன்கள். ஒருவன் என் பாட்டியை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும், அவளுக்கும் நான்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன் என்றேன்!" என்று சொல்லிச் சிரித்தார். வேட்டைக்குப் போக ஆரம்பித்து இது மூன்றாவது வசந்தம். இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாவம் இல்லையா? அதுவும் இணை சேரும் காலத்தில்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியாரம்மா அல்லவா, கணக்காகவே பதில் சொன்னார்.

ஒரு காலத்தில் இந்தப் பறவை அமெரிக்கக் காடுகளில் ஏராளம். வந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டினார்கள். சந்தையில் விற்பதற்காகக் கணக்கு வழக்கில்லாமல் சுட்டார்கள். மலைக்காட்டில் அதற்குத் தீனி கொடுத்துவந்த செஸ்ட்நட் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்தது. 1904-ல் நியூயார்க்கில் முதலில் கண்டார்கள், ஐம்பது வருஷத்துக்குள் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. 1930-களில் நாடு முழுதிலும் மிஞ்சிய வான்கோழிகள் இரண்டு லட்சத்துக்குமேல் இரா என்று கணித்தார்கள். பல மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை.

1937-ல் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள 11 சதவீத வரியை வனவிலங்குகளுக்கே செலவிடவேண்டும் என்று. பணம் வந்தது. முட்டையைக் கூண்டில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பிரயோஜனம் இல்லை. ஏன் தெரியுமா? அம்மா இல்லாமல் வளர்ந்த குஞ்சுகள்! பருந்து வந்தால் எங்கே பதுங்குவது, ராத்திரி எந்தக் கிளையில் தங்குவது என்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? நரிக்கும் குளிருக்கும் பலியாகிவிட்டன.

பிறகுதான் புத்தி வந்தது. எங்கோ மிஞ்சியிருக்கும் அசல் காட்டுப் பறவைகளையே பிடித்து, இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும். ஆனால் பிடிப்பது எப்படி? அதன் கண் அப்படிப்பட்ட கண். 1951-ல் தெற்குக் கரோலினாவில் ஒரு வழி கண்டார்கள். தானியத்தைத் தூவிவைத்து, பறவைகள் கூடியதும், சின்னப் பீரங்கிகள் மாதிரியான குழாய்களால் ஒரு பெரிய வலையை அவற்றின்மேல் பாய்ச்சிப் போர்த்துவது! பிடித்த பறவைகளை அட்டைப் பெட்டிகளில் வைத்து லாரியில் ஏற்றி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனார்கள். இன்று அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு. மொத்தம் சுமார் 60 லட்சம். ஆனாலும் தெற்கே சில மாநிலங்களில் மறுபடி குறைந்துவருவதால் கவலையோடுதான் கணக்கெடுக்கிறார்கள்.

"என் வீட்டுக்காரர் இளம் வயதில் அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போகும் வேலைக்குப் போயிருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் முதலில் பாய்ந்த பெட்டை அவர் தொப்பியைத் தட்டிவிட்டுப் போயிற்றாம். கல்யாணமான நாள் முதல் இந்தக் கதையை இருநூறு தடவை கேட்டிருக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். "இணை சேரும் காலம் என்று கேட்டாயே! கண்டதையெல்லாம் சுட முடியாது. மார்பில் தாடி மாதிரி ஒரு குஞ்சம் தொங்கவேண்டும். பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து கூடுகட்டத் தொடங்கிய பிறகுதான் வேட்டைக்காலத்தைத் திறப்பார்கள். முன்பாதிக் காலத்தில் மத்தியானம் 12 மணிக்கு மேல் சுடக்கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளுக்குக் கணவன். சேவல் ஒன்று குறைந்தால் அடுத்த வருஷம் குஞ்சு குறையாது. பெட்டை ஒன்று குறைந்தால்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கும் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கொல்லுகிறவர்கள் கொடுத்த பணத்தால் ஒரு பறவை பிழைத்திருக்கிறது! இதைப் புண்ணியம் என்பதா, பாவம் என்பதா? மனசுக்குள் மட்டும் ஒரு வேண்டுதல் செய்துகொண்டேன்: 'பிள்ளையாரப்பா, நான் போகும் நாளில் ஒன்றும் சாகவேண்டாம்.'

விடியற்காலை மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். முக்கால் மணி நேரம் காரில். அப்புறம் ஷெனன்டோவா மலைச்சரிவில், ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டுக்குள், நடை. இலையும் சருகும் அச்சடித்த சட்டை, தொப்பி, முகமூடி எல்லாம் எனக்கும் மாட்டிவிட்டிருந்தார். குளிர் எலும்பைத் தொட்டது. 74 வயதுக்காரர் முன்னால் விறுவிறுவென்று ஏற, முப்பத்துநான்கு வயதுக்காரி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு ஒரு பெரிய ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். மரம் நம் தோளைவிட அகலமாக இருக்கவேண்டும். பின்னாலிருந்து யாராவது சுட்டால் அதுதான் கவசம். எதிரே சரிவு, அதற்கப்பால் ஒரு முகடு. வானத்தில் நட்சத்திரங்கள் இன்னும் போகவில்லை.

அந்த அம்மாள் இரண்டு கையையும் வாயில் குவித்து ஆந்தை மாதிரிக் கூவினார். அங்கே ஒரு ஜாதி ஆந்தை உண்டு. அது கூவுவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பதுபோல இருக்கும் என்று அந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். என்ன கேள்வி? 'உனக்கு யார் சமைக்கிறார்கள்? உங்களுக்கெல்லாம் யார் சமைக்கிறார்கள்?' அடேயப்பா! உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இந்தக் கேள்வி நம்மை விடாது போலிருக்கிறது, சகோதரிகளே!

ஆந்தைச் சத்தம் கேட்டால், மரக்கிளையில் தூங்கும் சேவல் தன்னை அறியாமல் பதில் கொடுத்துவிடுமாம். அப்படித்தான் ஆயிற்று. முகட்டின் மேலிருந்து ஒரு சத்தம்! குடத்துக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியதுபோல, 'கொள கொள கொள' என்று. காடே குலுங்கிற்று. என் முதுகுத்தண்டில் ஜில்லென்று ஒன்று ஓடியது. அந்த அம்மாள் என் முழங்கையை அழுத்தினார். இருட்டிலும் அவர் சிரிப்பது தெரிந்தது.

வெளுக்கத் தொடங்கியதும் பெட்டியை எடுத்து மெதுவாக மூன்றே இழுப்பு. 'க்யோக்... க்யோக்... க்யோக்...' தூக்கத்திலிருந்து எழும் பெட்டை கொட்டாவி விடுகிற மாதிரி. உடனே மறுபடியும் 'கொள கொள கொள!' சிறிது நேரத்தில் ஒரு பெரிய பட்டுப்புடவையை உதறுவதுபோல் இறக்கைச் சத்தம். மரத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது.

இனி நேரே நம்மிடம் ஓடி வந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வான்கோழிக் குலத்தில் வழக்கம் தலைகீழ். கூவுவது மாப்பிள்ளை, கூவலைக் கேட்டு அவன் இருக்கும் இடத்துக்குத் தேடிக்கொண்டு போவது பெண். ஆனால் வேட்டைக்காரரோ, பெண் குரலில் பேசி, "நீதான் வரவேண்டும்" என்கிறார். மாப்பிள்ளை வருவானா? கல்யாண மண்டப வாசலில், எதிர்கொண்டு அழைக்க ஆள் வராமல் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பானே ஒருவன், அவனேதான் இவன்! முகட்டின் மேலேயே நின்றுகொண்டு கூவுகிறான், கூவுகிறான். ஓர் அடி எடுத்து வைக்கவேண்டுமே!

எனக்கோ அவசரம். 'இன்னும் கூப்பிடுங்கள்' என்று ஜாடை காட்டினேன். அந்த அம்மாள் தலையை அசைத்து மறுத்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அதிகம் கூப்பிட்டால் 'இவளே வந்துவிடுவாள்' என்று அவன் இன்னும் முறுக்கிக்கொள்வானாம். கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான் என்பது வர்ஜீனியா மலையிலும் செல்லுபடியாகிறது!

தந்திரம் பலித்துத்தான் இருக்கும். கூவல் கொஞ்சம் கிட்டே வந்தது. இன்னும் கொஞ்சம். அப்போது வலப்பக்கத்துச் சரிவில் சருகு சலசலத்தது. நிஜமான பெட்டைகள் மூன்று! நாங்கள் அங்கே இருப்பதாகவே தெரியாமல், எங்களைக் கடந்து நேரே முகட்டுக்குப் போயின. கூவல் நின்றது. அசல் வந்தபிறகு நகல் யாருக்கு வேண்டும்?

மணி ஏழு ஆகவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த அம்மாள் என் தோளைத் தொட்டு உட்காரவைத்து, காதோடு சொன்னார்: "முட்டையிட நேரமானதும் பெட்டைகள் ஒவ்வொன்றாய்க் கூட்டுக்குப் போய்விடும். பத்து மணிக்குமேல் அவன் தனியாகிவிடுவான். விடியற்காலையில் கேட்ட குரல் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை இருப்போம்."

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பொருத்தமான வேலை என்று மேலே பெருமையடித்துக்கொண்டேன் அல்லவா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் மூக்கு அரித்தால் சொறியாமல், கால் மரத்தால் நீட்டாமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்! போதாதற்குப் பசி. அக்கா ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள். மெதுவாகப் பிரித்தேன். முறுக்கு! இட்லி வைத்திருக்கக் கூடாதோ? முறுக்கைக் கடித்தால் கடக்கென்று மலை முழுதும் கேட்குமே! ஒரு துண்டை ஒடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டு, அது தானாக ஊறும் வரை ரிஷி மாதிரி காத்திருந்தேன். பல்லில்லாத பாட்டிமார்களின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

ஆனால், அப்படி அசையாமல் உட்கார்ந்ததில் ஒரு லாபமும் உண்டு. நாங்கள் இல்லை என்று நினைத்துக் காடு தன் காரியத்தைப் பார்க்கத் தொடங்கியது. ஓர் அணில் என் பூட்ஸ் மேல் ஏறி இறங்கியது. செக்கச் செவேலென்று கார்டினல் குருவி ஒன்று எதிரே வந்து பாடியது. சருகுக்கு நடுவே மூன்றே இதழுடன் டிரில்லியம் என்ற வெள்ளைப் பூக்கள். வீட்டில் ஒரு நாளாவது இப்படி ஒரு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோமா?

பதினொரு மணிக்கு அந்த அம்மாள் பெட்டியை எடுத்து இரண்டே இரண்டு இழுப்பு. பதில் இல்லை. கால் மணி ஆயிற்று. திடீரென்று அவர் உடம்பு விறைத்தது. துப்பாக்கி முழங்காலின் மேல் ஏறியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஏதோ கேட்டது. கேட்டது என்பதைவிட நெஞ்சுக்குள் உணர்ந்தேன் என்று சொல்லவேண்டும். தொலைவில் லாரி உறுமுவதுபோல் ஒரு 'ம்ம்ம்'. அடுத்த கணம் முகட்டின் விளிம்பில் ஒரு விசிறி எழுந்தது.

வாத்தியார் ஐயா, என்னை மன்னியுங்கள். உங்கள் வான்கோழி வேறு, இது வேறு! வெயில் பட்ட இடத்தில் செம்பு, பச்சை, பொன் என்று இறகுகள் மாறி மாறி மின்னின. வாலை முழு விசிறியாக விரித்து, இறக்கை நுனிகளைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிமேல் அடியாக ஒரு ராஜநடை. மார்பில் கறுப்புக் குஞ்சம் ஒரு சாணுக்குமேல் தொங்கியது. தலை ஒரு கணம் வெள்ளை. அடுத்த கணம் நீலம் ஏறியது. கழுத்துச் சதை ரத்தச் சிவப்பு. 1612-ல் கோவாவிலிருந்து இந்தப் பறவை முதல்முதலாக ஜஹாங்கீர் சக்கரவர்த்தியிடம் வந்தபோது, அதன் தலை பச்சோந்தி மாதிரி நிறம் மாறுகிறதென்று அவர் அதிசயித்து எழுதிவைத்து, உஸ்தாத் மன்சூரைக் கொண்டு சித்திரமும் எழுதச் செய்தார். சக்கரவர்த்தி மிகைப்படுத்தவில்லை.

ஐம்பது கஜம்... நாற்பது... முப்பது. அந்த அம்மாளின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருந்தது. மூன்று வசந்தம் காத்திருந்த கணம். நான் மூச்சுவிடவில்லை. பிள்ளையாரை மறந்துபோனேன்.

சேவல் கழுத்தை நீட்டிற்று. அதுதான் சுடவேண்டிய சமயம் என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது அதன் பின்னாலிருந்த புதரிலிருந்து ஒரு பெட்டை வெளியே வந்தது. சாதுவான, பழுப்பு நிறப் பெட்டை. வந்து சேவலுக்குச் சரியாகப் பக்கத்தில் நின்றுகொண்டு சருகைக் கிளற ஆரம்பித்தது.

அந்தத் துப்பாக்கியிலிருந்து ஒரே குண்டு போவதில்லை. சின்னஞ்சிறு ரவைகள் நூற்றுக்கணக்கில் விரிந்துகொண்டு போகும். இப்போது சுட்டால் இரண்டும் விழலாம். இரண்டும் விழாமலும் இருக்கலாம். அந்த மலையில் எங்களைத் தவிர ஒரு பிராணி கிடையாது. பெட்டை விழுந்தால் பார்த்துக் கேட்க யாரும் இல்லை. விரல் குதிரையின் மேல் இருந்தது. பெட்டை நகருமா என்று காத்திருந்தார். அது நகரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவருடைய கை மெல்ல நடுங்கத் தொடங்கியதைப் பார்த்தேன்.

பிறகு பெட்டை, வந்த வேலை முடிந்ததுபோல், திரும்பிச் சரிவில் இறங்கிற்று. சேவல் விசிறியைப் பட்டென்று மடக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போயிற்று. ஒட்டினாற்போல், ஒரு முழம்கூட விலகாமல். அவ்வளவுதான். புதர் மூடிக்கொண்டது.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பறவை பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள் நான். பிழைத்துவிட்டது. சந்தோஷப்படத்தானே வேண்டும்? எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டு வந்தது. நடுங்குகிற அந்தக் கையைப் பார்த்தபோது, 'ஐயோ, ஒரு கணம் முந்திச் சுட்டிருக்கக் கூடாதா' என்று நினைத்தேன். மனசு எவ்வளவு விசித்திரமானது, பாருங்கள்!

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். அந்த அம்மாள் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்தேன்.

"சுட்டிருக்கலாமே என்று நினைக்கிறாய், இல்லையா?" என்றார்.

நான் பேசவில்லை.

"அது கூட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும். இருபத்தெட்டு நாள் அடைகாக்கும். குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியும்வரை ராத்திரியில் தானும் தரையிலேயே படுத்துக்கொண்டு அவற்றை இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்காரர் பெட்டியில் சுமந்தது எந்தப் பெட்டையையோ. அதன் கொள்ளுப்பேத்தியை நான் சுடுவதா?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தச் சேவலைச் சுட்டிருப்பேன். சந்தேகமே வேண்டாம். வறுத்து உன் அத்தானுக்கும் ஒரு தட்டுக் கொடுத்திருப்பேன்!" என்றார்.

மரத்தடியிலேயே பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். கணவருடைய நோட்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டுக்குப் போன ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரி. பெரும்பாலான வரிகளில் ஒன்றும் சுடவில்லை என்றுதான் இருந்தது. சுடாத நாளையும் எழுதவேண்டும் என்பது அவர் கொள்கையாம். அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், அந்த அம்மாள் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'ஒரு சேவல். ஒரு பெட்டை. காற்று இல்லை. துணைக்கு ஒருத்தி இருந்தாள்.'

மலை இறங்கும்போது மிச்சமிருந்த முறுக்கை இருவரும் கடகடவென்று கடித்துத் தின்றோம். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. செய்முறை கேட்டார். அக்காவிடம் எழுதி வாங்கித் தந்தேன்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். உடம்பெல்லாம் சருகு, நெற்றியில் கறுப்புப் பொட்டு கன்னம்வரை வழிந்திருந்தது. அக்கா அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வான்கோழி கிடைத்ததா?" என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"வந்துவிட்டாயா? நல்லதாய்ப் போயிற்று. இன்றைக்கு யார் சமைக்கிறார்கள்?" என்றார்.

அந்த மலை ஆந்தை என்னோடு வீடுவரை வந்துவிட்டது, சகோதரிகளே!